வியாழக்கிழமை வகுப்பு

ஆசிரியை ஆக வேண்டும் என்ற ஆசை ரமணிக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவரை அப்படியொரு எண்ணம் அவள் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நுண்நோக்கிக்குள் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. இடையில் கல்யாணம் ஆனது. இரண்டு முறை கரு தங்காமல் போனது. அதற்குப் பிறகு அவளும் கணவன் லோகேஸ்வரனும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஒருநாள் அவள் வேலை செய்த பிரிவையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. ரமணி கையில் ஒரு நற்சான்றிதழோடும், கண்ணில் ஒரு தடித்த கண்ணாடியோடும் வீட்டுக்கு வந்தாள்.

பாடாங் தெம்பாக் அடுக்குமாடியில், பதினொன்றாம் மாடியில், அவர்கள் வீடு. கீழ்வீட்டுக்காரி ஒருத்தி சொல்லித்தான் அவள் ஒரு பாலர் பள்ளிக்கு வேலை கேட்டுப் போனாள். தாத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால், ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் நடக்கும் பள்ளி. நடத்துபவர் அருந்ததி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அருந்ததியின் பேச்சில் அந்த ஊர் மரியாதை இன்னும் ஒட்டியிருக்கும். திட்டும்போதுகூட 'வாங்கோ', 'இருங்கோ'தான்.

ரமணிக்குக் கிடைத்தது சமையலறை வேலை. பிள்ளைகளுக்குக் குடிக்க மைலோ கலக்குவது, கோப்பை கழுவுவது, சட்டையில் கொட்டிக்கொண்ட பிள்ளைக்கு உடை மாற்றுவது. ஒருநாள் நான்கு வயதுப் பையன் ஒருவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்று அலறினான். ஆசிரியை கெஞ்சினாள், மிரட்டினாள், இனிப்பைக் காட்டினாள். ரமணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எதுவும் பேசாமல் தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். அருந்ததி அதைக் கதவருகில் நின்று பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து ரமணி வகுப்பில்.

காலையில் எழுந்ததும் போக வேண்டும் போலிருக்கும் இடம் ஒன்று இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பிள்ளைகள் அவளை டீச்சர் என்றார்கள். வீட்டில் லோகேஸ்வரனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில், கொள்கலன் முனையத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போய், அதே மாதிரி ஃபெரி ஏறித் திரும்பி வருவான். வாசலில் காலணியைக் கழற்றும்போதே, "டீச்சர், இன்னைக்கு யாரு யாரைக் கடிச்சது?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவான்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு அருந்ததி எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். "இனிமேல் வகுப்பில நிக்கிற ஆக்கள் எல்லாருக்கும் டிப்ளோமா வேணும். எனக்கு வேற வழியில்ல. படியுங்கோ. படிக்கும் வரைக்கும் நான் காத்திருப்பன். படிக்காட்டி சமையலறைதான்."

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி, இணையத்திலேயே பாலர் கல்வி டிப்ளோமா நடத்தியது. சேர இரண்டு வழிகள். ஒன்று நேரடி வகுப்பு: செவ்வாய், வியாழன் மாலைகளிலும் சனிக்கிழமை காலையிலும் விரிவுரையாளர் திரையில் வருவார், மாணவர்கள் கேமராவைத் திறந்து வைத்து உட்கார வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மற்றது அவரவர் வேகத்தில் படிப்பது: அதற்கென்று தனியாகப் பாடம் கிடையாது, அந்த நேரடி வகுப்புகளின் பதிவையே போட்டிருப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், ஒன்றை முழுக்க ஓட்டி முடித்தால்தான் அடுத்தது திறக்கும்.

அதே பள்ளியில் வேலை செய்த ரூபினிக்கு இதில் யோசிக்க எதுவுமில்லை. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"லைவ் சூசா லா, அக்கா, ரொம்ப கஷ்டம். மணியடிச்ச மாதிரி போய் உக்காரணும். செல்ப்-பேஸ்னா நம்ம இஷ்டம். துணி மடிச்சிக்கிட்டே ஓட விட்டுடலாம்."

"ஓட விட்டா படிச்சதாயிடுமா?"

"டிப்ளோமா கைக்கு வந்தா படிச்சதாயிடும்."

ரமணி வீட்டுக்குப் போய் லோகேஸ்வரனிடம் சொன்னாள். அவளுக்குத் தன்னைப் பற்றி ஒன்று தெரியும். யாரும் எதிர்பார்க்காத இடத்துக்கு அவளால் தானாகப் போக முடியாது. ஒருமுறை ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்குப் புத்தகமும் குறுந்தட்டும் வாங்கினாள்; அது உறையோடு அலமாரிக்கு மேலே கிடந்து, பிறகு எங்கோ போனது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து, நீ வரவில்லையா என்று கேட்டால்தான் அவளுக்கு எதுவும் நடக்கும்.

"அப்ப லைவையே எடு," என்றான் லோகேஸ்வரன். "இருபது வருசமா பூதக் கண்ணாடியைப் பார்த்துட்டு இருந்த. இனிமேயாவது மனுசங்க மூஞ்சியைப் பாரு."

அறையில் ஒரு சின்ன மேசை போட்டான். பழைய லேப்டாப் ஒன்றை யாரிடமோ பேசி வாங்கி வந்தான். கூடத்தில் அவன் தொலைக்காட்சி பார்க்கும் சத்தம் கேட்கக்கூடாது என்று, காதை முழுக்க மூடும் பெரிய இயர்போனும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

முதல் மூன்று நான்கு வகுப்புகளில் ரமணி வாய் திறக்கவில்லை. திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். பெரும்பாலும் இருபது வயதுப் பெண்கள், சரளமான ஆங்கிலம். பாடம் எடுத்தவர் மேடம் ரோஹானா என்ற மலாய்ப் பெண்மணி. ஒருநாள் அவர், கூட இருக்கும் பிள்ளைகளைக் கடிக்கும் குழந்தையை என்ன செய்வது என்று கேட்டார். ஒருத்தி தனியாக உட்கார வைக்க வேண்டும் என்றாள். இன்னொருத்தி பெற்றோரைக் கூப்பிட வேண்டும் என்றாள். மேடம் ரோஹானா சதுரங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, "காக் ரமணி?" என்றார். மலாய்க்காரர்கள் அக்கா என்று கூப்பிடும் முறை அது. வயது பார்த்து வைத்த மரியாதை.

ரமணி மலாயில் சொல்லலாமா என்று கேட்டாள். "தாராளமாக" என்றார். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை இருந்தாள், என்று ஆரம்பித்தாள். அவளுக்குப் பேச்சு வரத் தாமதம், வேண்டும் என்று சொல்லத் தெரியாது, வேண்டாம் என்றும் சொல்லத் தெரியாது, அதனால் கடித்தாள். நான் அவளுக்கு 'எனக்கு' என்கிற ஒரே ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அது வந்த பிறகு கடிக்கவில்லை.

பிறகு மேடம் ரோஹானா, "எல்லாரும் இதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அன்று வகுப்பு முடிந்து கூடத்துக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்து லோகேஸ்வரன், "என்னா, லாட்டரியா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த ஆண்டு அவள் வாழ்க்கையில் நல்ல ஆண்டு. அவளே பின்னாளில் சொன்னது இது. செவ்வாயும் வியாழனும் மத்தியானமே சமையலை முடித்துவிடுவாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்காருவாள். முதல் பருவத்தில் அவள் வாங்கிய மதிப்பெண் வகுப்பில் மேல்வரிசையில் இருந்தது. லோகேஸ்வரன் சில நாள் கேமராவுக்குத் தெரியாமல் குனிந்து வந்து தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போவான். சில நாள் குடிக்க என்ன வேண்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பான். சதுரங்களில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

இரண்டாம் பருவத்தின் நடுவில், ஒரு வியாழக்கிழமை, அவன் வேலையிலிருந்து கொஞ்சம் சோர்வாக வந்தான். தலை வலிக்கிறது, குளித்தால் சரியாகிவிடும் என்றான். அவள் தைலத்தை எடுத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். இயர்போனை மாட்டிக்கொண்டாள். அன்றைய பாடம் களிமண் விளையாட்டு. அவளுக்குப் பிடித்த பாடம், நிறையப் பேசினாள். வகுப்பு முடிந்து இயர்போனைக் கழற்றியபோது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இன்னுமா குளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினாள். உள்ளிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள். லோகேஸ்வரன் ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு போய்விட்டது. இளம் மருத்துவர் ஒருவர், எப்போது விழுந்தார் என்று கேட்டார். தெரியாது என்றாள் ரமணி. எப்போது கடைசியாகப் பேசினார் என்று கேட்டார். வகுப்பு ஆரம்பிக்கும் முன்பு, என்றாள். மருத்துவர் எழுதிக்கொண்டே, "இந்த நோய்க்கு நேரம்தான் மருந்து, அக்கா. சீக்கிரம் வந்திருந்தால் வேறு சிலது செய்து பார்த்திருக்கலாம்" என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

குற்றமாகச் சொன்னது லோகேஸ்வரனின் அக்கா தனலெட்சுமி. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மகனோடு காரில் வந்தவள், வார்டு வாசலில் ரமணியின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் அழுதாள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். ரமணி மறைக்காமல் சொன்னாள். தனலெட்சுமி கையை விட்டுவிட்டாள்.

"அவன் உள்ள கெடந்து சாவறான். நீ காதை அடைச்சிக்கிட்டு கம்ப்யூட்டர்ல சிரிச்சிக்கிட்டு இருந்திருக்க."

இந்த லைவ் வகுப்பை எடுக்கச் சொன்னதே அவர்தான், அந்த இயர்போனை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான் என்று ரமணி சொல்லியிருக்கலாம். அது அவள் நாக்கில் வரவே இல்லை.

லோகேஸ்வரன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு சொல் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது. 'இல்ல.' பசிக்குதா என்றாலும் இல்ல. வலிக்குதா என்றாலும் இல்ல. தொலைக்காட்சியைப் பார்த்துக் கையை நீட்டி, வேண்டும் என்று காட்டும்போதும் இல்ல. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "அவருக்கு உள்ளே எல்லாம் இருக்கு, வெளியே வரும் வழிதான் அடைச்சுக்கிச்சு" என்றாள். பகலில் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டுக்காரி சம்மதித்ததால் ரமணி பள்ளிக்குப் போக முடிந்தது. மாலையில் அவள் மட்டும்தான்.

மேடம் ரோஹானா தானே தொலைபேசியில் கூப்பிட்டார். "காக் ரமணி, கேமரா திறக்க வேண்டாம். பேச வேண்டாம். வந்து இருங்கள், போதும். வருகைப் பதிவைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன்."

ரமணி சரி என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இயர்போனைக் கையில் எடுத்தாள். காதுக்கு அருகில் கொண்டுபோனவள், மாட்டாமலேயே மேசையில் வைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் கேட்டுப் பார்த்தாள். கூடத்தில் அவன் அசையும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஓடினாள். அவன் இருமினால் ஓடினாள். அவன் சத்தம் இல்லாமல் இருந்தால் அதற்கும் ஓடினாள். திரையில் யாரோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கல்லூரிக்கு எழுதி, அவரவர் வேகத்தில் படிக்கும் வழிக்கு மாறிக்கொண்டாள். பருவத்தின் பாதியில் மாறியதால் அந்தப் பருவத்தை முதல் பாடத்திலிருந்து மறுபடியும் பார்த்து வர வேண்டும் என்றார்கள்.

அப்படித்தான் அவள் தன்னையே பார்க்க நேர்ந்தது. பதிவு செய்து போட்டிருந்தவை எல்லாம் அவள் உட்கார்ந்த வகுப்புகள். மேல் வரிசையில் மூன்றாவது சதுரத்தில், பொட்டு வைத்து, நல்ல சட்டை போட்டு, ஒரு பெண் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பேசினாள். அவளுக்கு வாழ்க்கையில் எல்லாம் இருந்தது போலத் தெரிந்தது. கேள்விக்குப் பதில் தெரியும்போது ரமணி பழக்கத்தில் வாயைத் திறப்பாள். அதற்குள் அந்தப் பெண் சொல்லி முடித்திருப்பாள்.

இப்போது யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வரவில்லையா என்று கேட்கவில்லை. இயந்திரம் அனுப்பும் மின்னஞ்சல்கள் மட்டும் வந்தன. ஹாய் ரமணி, நீங்கள் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்! ஹாய் ரமணி, உங்களைக் காணவில்லையே! அவன் தூங்கும் நேரம் பார்த்து ஒரு பாடத்தைத் தொடங்குவாள். நடுவில் அவன் எழுந்தால் நிறுத்துவாள். பிறகு எந்த இடத்தில் விட்டோம் என்று தேடுவாள். ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் போனது.

நான்காவது பாடத்தில் ஓர் இடத்தில், மேடம் ரோஹானா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"டீச்சருக்கு டீ வேணுமா, காப்பி வேணுமா?"

திரையில் இருந்த ரமணி வெட்கத்தோடு கையால் வாயை மூடினாள். எல்லாச் சதுரங்களும் சிரித்தன. "காக் ரமணி, கணவர் கூப்பிடுகிறார், போய்ப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார் மேடம் ரோஹானா.

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது! ரமணி அதைத் திரும்பப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். அந்த வாரம் அவள் படித்தது அதை மட்டும்தான். பிறகு ஒரு மாலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்து, "இதைக் கேளுங்க" என்று போட்டுக் காட்டினாள். தன் குரலைக் கேட்டால் அவனுக்கு ஏதாவது திரும்பி வரும் என்று நினைத்தாள். லோகேஸ்வரன் கேட்டான். முகம் சுருங்கியது. இடது கையால் லேப்டாப்பைத் தள்ளினான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குழந்தை அழுவதைப்போல ஒரு சத்தம் எழுப்பினான். அவள் எவ்வளவு சமாதானம் சொல்லியும் அது நிற்க நெடுநேரம் ஆனது.

அடுத்த பாடங்களை அவள் வேகமாகப் பார்த்து முடித்தாள். பிறகு களிமண் பாடம் வந்தது. தலைப்பின் கீழே தேதி போட்டிருந்தது. அந்த வியாழக்கிழமை.

அவளால் அதை அழுத்த முடியவில்லை. தினமும் பக்கத்தைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். அதைத் தாண்டாமல் அடுத்தது திறக்காது. மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருந்தன. படிப்பை முடிக்கக் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

பள்ளியில் ரூபினி கேட்டாள். "எந்தப் பாடத்துல இருக்கீங்க, அக்கா? நான் கடைசிப் பருவத்துக்கு வந்துட்டேன்."

ரமணி சொன்னாள். ரூபினிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஐயோ, அதுவா… அதை நானும் ஓட்டிட்டேன் அக்கா. ஆனா பார்க்கலை. அயர்ன் பண்ணிக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நீங்க ஏன் பார்க்கணும்? ஞாயித்துக்கிழமை நான் வரேன். சத்தத்தை அமுக்கிட்டு ஓட விட்டுடறேன். நீங்க அந்தப் பக்கம் இருங்க. பச்சை டிக் விழுந்ததும் கூப்பிடறேன். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபினி வந்தாள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். லோகேஸ்வரன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தான். ரூபினி அறைக்குள் போய் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரமணி சமையலறையில் மீன் கழுவினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தேநீரோடு அறை வாசலுக்கு வந்தாள். ரூபினி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைத் திரையில் வைத்திருந்தாள். திடீரென்று அவள் முகம் மாறியது. கைப்பேசியை விட்டுவிட்டுத் திரைக்கு அருகில் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, வாசலில் ரமணி நிற்பதைப் பார்த்தாள்.

"என்னா, ரூபினி?"

"ஒண்ணுமில்ல, அக்கா."

"என்னா பார்த்த?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன் லா. நீங்க போங்க, மீனைப் பாருங்க."

ரமணி தேநீரைக் கீழே வைத்துவிட்டு வந்து, ரூபினியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். ஒலியைத் திறந்தாள். ரூபினி தடுக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மூன்றாவது சதுரத்தில் இருந்த பெண், பிள்ளைகள் களிமண்ணில் தோசை சுட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. வாளி ஒன்று உருண்ட மாதிரி. அந்தப் பெண் பேச்சை நிறுத்தினாள். தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். ஒரு பக்கத்து இயர்போனில் கையை வைத்து, கழற்றப் போகிறவளைப் போல விரலைக் கொடுத்தாள்.

"ம், காக் ரமணி, அப்புறம்?" என்றார் மேடம் ரோஹானா.

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். சிரித்தாள். "அப்புறம் மேடம், ஒரு பையன் எனக்கு மூன்று தோசை கொண்டு வந்தான்…"

ரமணிக்கு அதில் எதுவுமே நினைவில் இல்லை. இவ்வளவு காலமும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: எனக்குக் கேட்கவில்லை. தனலெட்சுமி கேட்டபோதும், மருத்துவர் கேட்டபோதும், படுக்கையில் கண் மூடாமல் கிடந்தபோதும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது அது. காது அடைத்திருந்தது, கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

"அக்கா, அது சும்மா ஏதோ சத்தம். மேல் வீட்டுல ஏதாவது இழுத்திருப்பாங்க. நீங்களும் அப்படித்தான் நெனைச்சிருப்பீங்க. யாரா இருந்தாலும்…"

"வீட்டுக்குப் போம்மா. பிள்ளைங்க தேடும்."

"அக்கா…"

"போ."

ரூபினி அழுதுகொண்டே போனாள். பாடம் ஓடி முடிந்து பச்சை அடையாளம் விழுந்தது. அடுத்த பாடம் திறந்தது. ரமணி லேப்டாப்பை மூடினாள்.

அன்று மாலை லோகேஸ்வரனுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்ட பிறகு, அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க விழுந்தப்ப எனக்குக் கேட்டுச்சுங்க," என்றாள். "கேட்டுச்சு. நான் வரலை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, திரும்பிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான்.

"இல்ல," என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மேல் குற்றம் இல்லை என்கிறானா, உன்னை மன்னிக்கவில்லை என்கிறானா, கஞ்சி போதவில்லை என்கிறானா, தெரியவில்லை. "இல்லன்னா என்னாங்க?" என்று கேட்டாள். "இல்ல," என்றான். இன்னும் ஒரு தடவை கேட்டாள். அவன் கண்கள் அவளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிக்குப் போய்விட்டன. அவள் கேட்பதை நிறுத்தினாள்.

அவள் திரும்பப் படிக்கப் போகவில்லை. கெடு வந்தது, போனது. கூடுதல் காலம் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. மேடம் ரோஹானா இரண்டு முறை செய்தி அனுப்பினார். மூன்றாவது வரவில்லை. இயந்திரம் மட்டும் நெடுநாள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அருந்ததி சொன்னபடிக் காத்திருந்தார். சொன்ன காலத்துக்கு மேலும் கொஞ்சம் காத்திருந்தார். ஒருநாள் ரமணியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்களைப் போல பிள்ளைகளோட இருக்க இங்க வேற ஆள் இல்ல. எனக்குத் தெரியும். ஆனா என்னால ஒண்டும் செய்யேலாது, ரமணி. சமையலறையில இருங்கோ. சம்பளத்தைக் குறைக்க மாட்டன்." ரமணி தலையாட்டினாள். சில மாதம் சமையலறையில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு வயதுப் பிள்ளைகள் சத்தம் போடுவது கேட்கும். யாராவது ஒரு பிள்ளை அழ ஆரம்பித்து நிறுத்தாமல் போனால், அவள் கழுவும் கோப்பையைப் பிடித்தபடியே நிற்பாள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டாள்.

அடுக்குமாடியில் மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடும். பதினொன்றாம் மாடியிலிருந்து லோகேஸ்வரனைப் பயிற்சிக்கு இறக்குவது முடியாத காரியமாகிவிட்டது. கடைசியில் தனலெட்சுமி வந்து, தன் வீட்டுக்கே இருவரையும் கூட்டிப்போனாள். புக்கிட் மெர்தாஜாமில் வரிசை வீடு. பின்னறையில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும். தனலெட்சுமி தம்பியைப் பகலெல்லாம் குறையில்லாமல் பார்த்துக்கொண்டாள். வார்டு வாசலில் சொன்னதை அவள் மறுபடி சொல்லவில்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. பயிற்சிக்கு இப்போது கார் இருந்தது. ஆனால் பயிற்சி கொடுத்த பெண், இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ரமணி மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பாட்டில் மூடிகள் ஓடிவரும்; விரிசல் விட்டதை எடுத்துத் தள்ள வேண்டும். விடியும்போதே தொழிற்சாலைப் பேருந்து வீட்டு முனைக்கு வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் இந்தோனேசியப் பெண் முதல் சில வாரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். ரமணி சிரிப்பதோடு சரி. எந்திர இரைச்சலில் பேசுவதும் கஷ்டம்தான். சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

போன தீபாவளிக்கு முன்னால் ரூபினி தேடிக்கொண்டு வந்தாள். முறுக்கு டப்பாவும், கைப்பேசியில் பட்டமளிப்புப் படங்களுமாக. கறுப்பு அங்கியில் அவள் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தாள். ரமணி ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, நல்லாயிருக்கும்மா என்றாள். நான்கு வயது வகுப்பு இப்போது ரூபினியிடம்தான். பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை, கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்று சொன்னாள். ஒருவன் எல்லாரையும் பிராண்டுகிறான், என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

ரமணி வாயைத் திறந்தாள். பிறகு, "அருந்ததி டீச்சரைக் கேளு," என்றாள்.

"நீங்க சொன்னா நல்லா இருக்கும், அக்கா."

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா."

ரூபினி போகும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேற காலேஜ் இருக்கு. இங்கேயே ஒண்ணு, நேர்ல போற மாதிரி, சனி ஞாயிறு மட்டும். தனலெட்சுமி அக்கா இருக்காங்க இல்ல, பார்த்துக்குவாங்க. நான் கேட்டுச் சொல்லவா?"

"வேணாம்."

"சும்மா விசாரிச்சு மட்டும்…"

"வேணாம், ரூபினி."

கார் முனை திரும்பியதும் ரமணி உள்ளே வந்தாள். தனலெட்சுமி முறுக்கு டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டே, "யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

"கூட வேலை செஞ்சவ."

"என்னா பண்ணுது இப்போ?"

"டீச்சர்."

தனலெட்சுமி ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, உப்புப் போதவில்லை என்றாள். ரமணி பின்னறைக்குப் போனாள். லோகேஸ்வரனைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும் நேரம் ஆகியிருந்தது. ஒரு கையை அவன் தோளுக்கு அடியிலும் இன்னொன்றை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவனைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினாள்.